குங்குமப் பொட்டு வைத்த கார்டு: யாங்கூனில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் பார்வைக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன் மாமா, விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது" என்றான். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் படத்தையும் வீடியோவையும் கையாளும் அந்தக் கார்டின் பின்பக்க ஓரத்தில் மங்கலாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அதை வைத்தவன் நான்தான்.

ஐந்து மாதங்களுக்கு முன் அதே கார்டை 2,40,000 கியாட் கொடுத்து நான் வாங்கினேன். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைப்பது எங்கள் அம்மா பழக்கிய பழக்கம். ஏமாந்த கதையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் பலன் அந்தப் பையன் தலையில் விடிந்திருக்கிறது.

கல்யாணம், காதுகுத்து, கோயில் தீமிதி என்று வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று பார்த்துத்தான் வேலையையே தொடங்க வேண்டும். தொகுத்து முடித்த படத்தைக் கோப்பாக வெளியே எடுப்பதற்குள் கரண்ட் போனால், பிறகு பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் துணை. அதனால் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு: வீடியோ வேகமாக வெளியே வர வேண்டும், கார்டு கரண்டைக் குடிக்கக் கூடாது. என்விடியா நிறுவனத்தின் சிப்போடு 2016இல் வந்த 1050 டிஐ 75 வாட்டுக்குள் ஓடக்கூடியது. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி கூட வேண்டாம், செருகும் இடத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். இந்த விலைக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நம் ஆள்தான். கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். "அண்ணே, உங்களுக்கென்றே எடுத்து வைத்தேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திற்கு எவ்வளவு கொடுத்தேன் என்று இப்போது கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது.

கார்டில் ஆறு முனை மின்செருகி இருந்தது. "1050 டிஐக்கு இது தேவையில்லையே தம்பி?" என்று கேட்டேன். வேகம் கூட்டிய மாடல் என்றார். அப்படிச் சில மாடல்கள் உண்மையிலேயே உண்டு, ஆகவே வாயடைத்துப் போனேன். பக்கத்தில் நீல நிற விஜிஏ துளையும் இருந்தது. என் மானிட்டர் பழையது, விஜிஏ கம்பியில் ஓடுவது. அந்தத் துளையைக் கண்டு நான் மகிழ்ந்தேன் பாருங்கள், அங்கேதான் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். 1050 டிஐயின் பாஸ்கல் தலைமுறைச் சிப்பிலிருந்து பழைய அனலாக் சிக்னலை என்விடியா எடுத்துவிட்டது. அந்தப் பெயரோடு வரும் கார்டில் விஜிஏ துளை இருந்தால் உள்ளே வேறு சிப் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கூடவே ஒரு பென் டிரைவும் தந்தார். "இதிலுள்ள டிரைவரை மட்டும் போடுங்கள் அண்ணே, நெட்டில் வருவது ஒத்துவராது." கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதையும் நம்பினேன்.

வீட்டில் விண்டோஸ் கார்டின் பெயரைச் சரியாகவே காட்டியது. நினைவகம் 4 ஜிபி என்றும் காட்டியது. தொகுப்பு மென்பொருளில் கார்டின் வழியாக வீடியோவை வெளியே எடுக்கும் வசதியைத் தேடினால் அந்த வரியே இல்லை. என்விடியா சிப்புகளில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு என்வென்க் என்று பெயர். 2012இல் வந்த கெப்லர் தலைமுறையிலிருந்துதான் அது இருக்கிறது. 2016இல் வந்த 1050 டிஐயில் அது இல்லாமல் போக வழியே இல்லை.

அப்போதுதான் கார்டின் உள்விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டினேன். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று எழுதி, மஞ்சள் ஆச்சரியக்குறியும் போட்டுக் காட்டியது. உள்ளே இருந்தது 2011ஆம் ஆண்டு ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். கோர்கள் எனும் கணக்கிடும் சிறு அலகுகள் 768 இருக்க வேண்டிய இடத்தில் 192. கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலை மாற்றி எழுதிப் பெயரையும் நினைவகத்தையும் பொய்யாகக் காட்ட வைத்திருக்கிறார்கள். உண்மையான நினைவகம் 1 ஜிபி. அதற்குமேல் ஒரு விளையாட்டு கேட்டால் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை, திரை இருண்டுவிடும். பென் டிரைவின் ரகசியமும் அதுதான். 550 டிஐயின் தலைமுறைக்கு என்விடியா புதிய டிரைவர் தருவதை 2018இலேயே நிறுத்திவிட்டது.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். பணம் திரும்பாது, மாற்றித் தருகிறேன் என்றார். ரசீதை எடுத்து நீட்டினேன். அதில் 'கிராபிக்ஸ் கார்டு 1' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கார்டு என்று ஒரு எழுத்து இல்லை.

மேலும் 90,000 கட்டி, என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டை வாங்கிவந்தேன். ஆம், அதே கடையில்தான். என் மனைவி இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை ஜிபியு-இசட் பொய் என்று எதையும் சொல்லவில்லை, ஆனால் கோர் எண்ணிக்கையை 2048 என்று காட்டியது. முழு 580க்கு 2304 இருக்க வேண்டும். 2018இல் சீனச் சந்தைக்கென்று ஏஎம்டியே '580 2048எஸ்பி' என்ற பெயரில் ஒன்றை விட்டது. பெயரில்தான் 580, வேலையில் அது ஒரு படி கீழே உள்ள 570. அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றமில்லை. முழு 580 விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதற்குப் பெயர் வேறு. போதாததற்கு விசிறிக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு, வெப்பப் பட்டைகளிலிருந்து கசிந்தது. கிரிப்டோ நாணயம் தோண்டும் இடத்தில் இரவும் பகலும் உழைத்த கார்டு அது என்பது என் ஊகம். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றபோது, அப்படிப்பட்ட கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன.

விலை ஒப்பீட்டு அட்டவணைகளில் 580 எப்போதும் மேலேதான் இருக்கும். விளையாட்டில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650ஐ அது முந்துவதும் உண்மை. ஆனால் அந்த அட்டவணை போடுகிறவர் வீட்டில் கரண்ட் போவதில்லை. முழு 580க்கு 185 வாட், 570க்கு 150 வாட் என்பது நிறுவனக் கணக்கு. என் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்ததும் நானே 580ஐக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது ஓடுவது ஒரு நண்பரிடம் வாங்கிய 1650. 75 வாட், 4 ஜிபி, 896 கோர்கள். விளையாட்டுக்குச் சுமார்தான். என் வேலைக்குப் போதும். அசல் 1050 டிஐ கிடைத்தால் கூட இன்று நான் வாங்க மாட்டேன். 2025 அக்டோபரோடு பாஸ்கலுக்கு வழக்கமான டிரைவர்களும் நின்றுவிட்டன, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

வாங்கப் போகிறவர்கள் ஜிபியு-இசட்டைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். பணம் எண்ணுவதற்கு முன் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். என்விடியாவின் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய டிரைவரைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். ரசீதில் மாடல் பெயரும், போலியானால் பணம் திரும்பும் என்ற வரியும் இருக்கட்டும்.

பையனை அழைத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனதால் பேச்சு நீளவில்லை, அவன் பணம் முழுவதும் கைக்கு வந்தது. கார்டை வாங்கி அலமாரியில் வைத்த கடைக்காரர், நாங்கள் படியிறங்கும்போது ஈரத்துணியால் அதன் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி அதில் பொட்டு இருக்காது. விஜிஏ துளையைப் பாருங்கள்.