கான் அகாடமி: கணக்குப் பயத்தை எது போக்குகிறது?

கணக்கு என்றாலே உதறும் பிள்ளைக்கு ஆன்லைனில் ஏதாவது தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வீடியோ எப்படி இருக்கிறது என்பதைத்தான். கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தை அப்படி எடைபோட்டால் பாதிதான் தெரியும். வீடியோக்கள் நன்றாகவே இருக்கின்றன. கறுப்புப் பலகையில் கலர் கலராக எழுத்து ஓடும், பின்னால் ஒரு குரல் நிதானமாகப் பேசும், முகம் தெரியாது. ஆனால் பிள்ளைக்குத் தைரியம் வருவது வீடியோவை ஒட்டி வரும் பயிற்சிப் பகுதியில். அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் வீடியோவை மட்டும் ஓடவிட்டுவிட்டு, பிரயோஜனமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இதன் நிறுவனர் சல்மான் கான் (இந்தி நடிகர் அல்ல) 2004-ல் தொலைவில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்கு போன் வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுத்ததில் ஆரம்பித்த விஷயம் இது. 2006-ல் யூடியூபுக்கு வந்தது. 2008-ல் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. பாடங்களும் பயிற்சிகளும் இன்றுவரை இலவசம்தான். நேரில் சொல்லித் தருவதைவிட யூடியூபில் வருவதே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தன் உறவுப் பிள்ளைகள் சொன்னதாக 2011-ல் டெட் (TED) உரை மேடையில் கானே சொல்லிச் சிரிக்க வைத்தார். சிரிப்புக்குள் விஷயம் இருக்கிறது. புரியாததை மூன்றாவது தடவை கேட்க நேரில் கூச்சமாக இருக்கும். வீடியோவைப் பின்னால் தள்ளி இன்னொரு தடவை கேட்பதற்கு யாரிடமும் முகம் சுளிப்பு வாங்க வேண்டியதில்லை.

கூச்சம் போவது முதல் படிதான். "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், படபடப்பு போன்ற உடல்நிலை. இதில் பலமானது முதலாவது. வீடியோ கொடுப்பது, அதிகபட்சம் போனால், இரண்டாவதை. முதலாவது வேண்டுமென்றால் பிள்ளையின் கையால் விடை வர வேண்டும். பயிற்சிப் பகுதிதான் அதற்கான இடம்.

அது வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு சின்னப் பயிற்சி உண்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு கேள்விகள். 70 சதவீதம் சரியாக இருந்தால் 'ஃபெமிலியர்' (பழக்கமானது) என்ற நிலை, எல்லாமே சரியென்றால் 'ப்ரொஃபிஷியன்ட்' (தேர்ச்சி). 70-க்குக் கீழே போனால் 'அட்டெம்ப்டட்'. கவனியுங்கள், எங்கேயும் 'ஃபெயில்' கிடையாது. முயற்சி செய்தாய் என்றுதான் இருக்கும், பக்கத்திலேயே மறுபடி போடும் வழியும் இருக்கும். மறுபடி போடும்போது கேள்விகள் மாறும், எண்கள் மாறும். ஆகவே விடையை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது, அதே சமயம் பழைய தப்பும் தலையில் ஏறி உட்கார்ந்திருக்காது. உச்சமான 'மாஸ்டர்ட்' நிலை தனிப் பயிற்சியில் கிடைக்கவே கிடைக்காது. பல திறன்கள் கலந்து வரும் யூனிட் டெஸ்ட் (ஒரு யூனிட்டுக்கான தேர்வு), கோர்ஸ் சேலஞ்ச் (முழுப் பாடத்துக்கான தேர்வு) போன்றவற்றில்தான் கிடைக்கும். இது நல்ல ஏற்பாடு. ஒரே மாதிரிக் கணக்கு வரிசையாக வந்தால் எந்த வழி என்று யோசிக்காமலே கை போட்டுவிடும். கலந்து வரும்போதுதான் வழியைத் தேர்ந்தெடுக்கிற வேலை மூளைக்கு வருகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: 1/2 + 1/3. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று பிள்ளை 2/5 போடுகிறது. தப்பு என்று திரை சொல்லும், மறுபடி முயலவோ உதவி கேட்கவோ விடும். உதவியை அழுத்தினால் படிப்படியாக வழி விரியும்: பொதுப் பகுதி 6, முதல் பின்னம் 3/6, அடுத்தது 2/6, கூட்டினால் 5/6. சரியான வழிதான். ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் சரியான வழியை மட்டுமே, பிள்ளை போன வழி ஏன் தப்பு என்பதை அல்ல. இங்கே பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "2/5 பெருசா, 1/2 பெருசா?" பாதியோடு ஒன்றைக் கூட்டினோம், வந்தது பாதியைவிடக் குறைவு. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அடுத்த கணக்கில் விடை போட்டதும் ஒரு நொடி நின்று பார்க்கும். தன் விடையைத் தானே சோதிக்கத் தெரிந்த பிள்ளைக்கு யாரும் தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

உதவியைப் பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி தப்பாகவே கணக்கில் வரும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் அழுத்திவிட்டு மதிப்பெண் போனதைப் பார்த்துச் சோர்ந்துபோவது வழக்கமாக நடக்கிறது. முதல் முயற்சி நோட்டில், உதவி இல்லாமல். தப்பானால் முழு வழியையும் படித்து, மூடிவிட்டு, அதே கணக்கை நோட்டில் மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகே அடுத்த கேள்வி. திரையைப் பார்த்துக்கொண்டே மனதில் போடும் பழக்கம்தான் பாதித் தப்புகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். நடுவில் எங்கே வழுக்கியது என்று பார்க்க எழுத்து இருக்காதே!

எங்கே தொடங்குவது என்பதில்தான் பெரிய கோளாறு நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே உட்கார வைப்பார்கள். சமன்பாடு வரவில்லை என்று அழும். அடைப்போ பின்னத்திலும் குறை (மைனஸ்) எண்களிலும் இருக்கும். இரண்டு வகுப்பு கீழே உள்ள பாடத்தில் கோர்ஸ் சேலஞ்சைக் கொடுத்துப் பாருங்கள். 30 கேள்விகள் இருக்கும். முடிந்ததும் எந்தத் திறன் தெரிகிறது, எது தெரியவில்லை என்று பாடப் பக்கத்திலேயே கட்டம் கட்டமாகத் தெரியும். ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டு மேலே வரலாம், முழுப் பாடத்தையும் முதலிலிருந்து ஓட்டத் தேவையில்லை. பெரிய பிள்ளைக்கு 'ஆறாம் வகுப்பு' என்ற தலைப்பைப் பார்த்தாலே சுருக்கென்று இருக்கும் என்றால், வகுப்பு எண் இல்லாத பாடங்கள் இருக்கின்றன: அரித்மெடிக், ப்ரீ-அல்ஜிப்ரா, அல்ஜிப்ரா பேசிக்ஸ். உள்ளே இருப்பது ஏறக்குறைய அதே சரக்குதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. யூனிட் டெஸ்டில் தவறினால் ஏற்கெனவே எட்டிய நிலை இறங்கும். மறந்ததைக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு, ஆனால் பயந்த பிள்ளைக்கு அது தண்டனையாகப் படும். எனவே களைத்திருக்கும் இரவு நேரத்தில் யூனிட் டெஸ்ட் வைக்காதீர்கள், 'ப்ரொஃபிஷியன்ட்'டிலிருந்து இறங்கினால் ஒரே பயிற்சியில் திரும்ப ஏற்றலாம் என்பதையும் காட்டிக்கொடுங்கள். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் குருட்டாம்போக்கில் குத்தி நிலை ஏற்றிக்கொள்ளவும் முடியும். எண்ணை டைப் செய்யும் கேள்விகளில் அது பலிக்காது. பரிசாகத் தரும் எனர்ஜி பாயின்ட், பேட்ஜ் எல்லாம் வெறும் அலங்காரம். பாயின்ட் சேர்க்க வேண்டும் என்று தெரிந்த எளிய பயிற்சியையே திரும்பத் திரும்பப் போடும் பிள்ளைகள் உண்டு, அதைத் திறமை என்று ஏமாறுவது பெற்றோர். "இன்னிக்கு எத்தனை பாயின்ட்?" என்று கேட்பதை விட்டு, "எந்தக் கணக்கு தப்பாச்சு, ஏன்?" என்று கேளுங்கள்.

2023-ல் வந்த கான்மிகோ என்ற ஏஐ துணை விடையைச் சொல்லாமல் பதிலுக்குக் கேள்வி கேட்கும் விதமாக அமைக்கப்பட்டது. அசட்டுக் கேள்வி என்று தோன்றுவதையும் தயங்காமல் கேட்கலாம், அது ஒரு வசதி. தெரியாது, தெரியாது என்று அடித்துக்கொண்டே போய் வழியைக் கறந்துவிடப் பார்க்கும் பிள்ளைக்கு அது உதவாது. ஏஐ என்பதால் அதுவும் தப்பாகச் சொல்லக்கூடும், நோட்டில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

இந்தத் தளம் தராதது இரண்டு. ஒன்று, வாயால் விளக்கும் பழக்கம். வகுப்பில் எழுந்து பேசும் தைரியம் திரையில் விடை தட்டுவதால் வந்துவிடாது. ஒரு யூனிட் முடிந்ததும் அதில் ஒரு கணக்கை வீட்டில் யாருக்காவது, கணக்குத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, சொல்லித்தரச் சொல்லுங்கள். இரண்டாவது, நேரக் கெடு. பயிற்சிகளில் கடிகாரம் ஓடாது. கற்கிற கட்டத்தில் அதுதான் சரி, ஆனால் பரீட்சையில் ஓடும். ஒரு யூனிட்டில் பெரும்பாலான திறன்கள் 'ப்ரொஃபிஷியன்ட்' ஆன பிறகு, அதே மாதிரிப் பத்துக் கணக்குகளைத் தாளில் எழுதிக்கொடுத்து, முதல் தடவை நேரத்தைக் குறித்து மட்டும் வையுங்கள், கெடு வேண்டாம். அடுத்த வாரம் அந்த நேரத்தையே கெடுவாக வையுங்கள்.