மேக்கின்டாஷ் எஸ்இ/30: நினைவகத்தை எவ்வளவு கூட்டலாம்?

1989-இல் வெளிவந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் எஸ்இ/30 கணினியின் எட்டு நினைவகச் செருகிடங்களும் நான்கு நான்காக இரு தொகுதிகளாக இயங்குவதால், ஒரு தொகுதியில் இடும் 30 முனை சிம் (SIMM) எனும் நினைவகப் பலகைகள் நான்கும் ஒரே அளவுடையனவாக இருத்தல் வேண்டும். எட்டிலும் 16 மெகாபைட் பலகைகளை இட்டால் 128 மெகாபைட் கிடைக்கும். ஆயினும் அதன் ரோம் (அடிப்படை நிரல்கள் பதிந்த நிலையான சில்லு), கூடுதல் நினைவகத்தை எட்ட உதவும் 32 பிட் முகவரி முறைக்கு முழுதும் பொருந்தாததால், இக்குறையைச் சரிசெய்யும் மோட்32 மென்பொருளை நிறுவும்வரை 8 மெகாபைட்டுக்கு மேல் பயன்படாது.

நான் 4 மெகாபைட் பலகைகள் நான்கை இட்டு 16 ஆக்கினேன்; சாய்த்து நுழைத்து நிமிர்த்தும்போது இருபுறக் கொக்கிகளும் ‘டிக்’கென்று பூட்டிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். சிஸ்டம் 7 இயங்குதளத்துக்கு இதுவே தாராளம். 128-ஐ இட்டவர்கள், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நினைவகச் சோதனை முடிய நெடுநேரம் காத்திருக்க நேரிடும். பெட்டிக்குள்ளேயே உள்ள திரைக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ளவர் துணையின்றிப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.