11 மணித்தியாலம் என்று விற்ற 16 மணித்தியாலப் பயணம்

லண்டனில் தங்கச்சிக்குப் பிரசவம். ஜூலையில் அம்மாவை அனுப்ப ஹட்டன் டவுனில் ஒரு ஏஜென்சியில் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருஷம் மலையேறிக் கொழுந்து எடுத்த முழங்கால். தமிழும் கொஞ்சம் சிங்களமும்தான் பேசுவார். அதனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று: வழியில் இறங்கி மாறுகிற வேலை இருக்கக் கூடாது.

"டைரக்ட் அண்ணே. ஏறி உட்கார்ந்தா பதினோரு மணித்தியாலம், லண்டன்தான்" என்றார் ஏஜென்சிக்காரர். அதைச் சொல்லியே 60,000 ரூபா கூட வாங்கினார்.

கையில் தந்தது அவர்களே டைப் செய்த ஒரு தாள். கொழும்பில் காலை 4.05, லண்டனில் அதே நாள் பிற்பகல் 3.35. கழித்துப் பார்த்தேன், பதினொன்றரை. கொழும்புக்கும் லண்டனுக்கும் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர், நிற்காமல் பறந்தால் சுமார் பதினோரு மணித்தியாலம் என்று முன்பே தேடிப் பார்த்திருந்தேன். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அங்கேதான் ஏமாந்தேன்.

டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். லண்டன் கடிகாரம் கோடையில் நம்முடையதைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. மேற்கே போகும்போது கழித்து வந்த விடையோடு அதையும் கூட்ட வேண்டும். கூட்டினால் 16! நிற்காமல் போகும் விமானமாக இருந்தால் லண்டன் நேரம் காலை பத்தரை, பதினொன்றுக்கே இறங்கியிருக்கும்.

உண்மையான இ-டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தபோது எங்கள் வேன் கினிகத்தேனையைத் தாண்டிவிட்டது. டோஹாவில் நாலு மணித்தியாலம் காத்திருந்து வேறு விமானம். போன் எடுத்தேன்.

"எதிர்காற்று இருந்தா நேரம் கூடும்தானே அண்ணே."

எதிர்காற்று பொய்யில்லை. லண்டனிலிருந்து இங்கே வரும் விமானம் கொஞ்சம் சீக்கிரம் வந்து சேர்வதே காற்றின் தயவால்தான். ஆனால் எந்தக் காற்றும் டோஹாவில் இறக்கிவிடாது. சொன்னேன். அப்புறம் பேச்சை மாற்றினார்: "டைரக்ட்னுதான் சொன்னேன், நான்-ஸ்டாப்னு சொல்லலையே."

இந்த வித்தியாசமும் உண்மையில் உண்டு. ஒரே விமான இலக்கத்தில் வழியில் ஓரிடத்தில் இறங்கிப் போனாலும் அதை டைரக்ட் என்பார்கள். இவர் தந்ததிலோ இரண்டு இலக்கம். அந்தக் கணக்கிலும் டைரக்ட் இல்லை.

கட்டுநாயக்க கவுண்டரில் கெஞ்சியதில் சக்கர நாற்காலி உதவி போட்டுத் தந்தார்கள். டோஹாவில் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி அம்மாவோடு கூடவே இருந்திருக்கிறாள். அவள் நல்லா இருக்க வேண்டும்.

டைப் செய்த தாளை வைத்துக்கொண்டு காசு கட்டாதீர்கள். பி.என்.ஆர். என்கிற ஆறு எழுத்துப் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, விமானக் கம்பனியின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை விமானம், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரியும். இரண்டு பி.என்.ஆர். தந்தால் இன்னும் கவனம்: நடுவில் பெட்டியை எடுத்து நீங்களே மறுபடி ஒப்படைக்க வேண்டி வரலாம்.

அலைந்து திரிந்து 20,000 திரும்ப வாங்கினேன். மிச்சத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அம்மா திரும்புவது நவம்பரில், அதே டிக்கெட், அதே டோஹா. சக்கர நாற்காலியைத் தங்கச்சி இப்போதே பதிவு செய்துவிட்டாள்.