டி.டி.பி. கடையில பிபிடி போடக் கொடுக்கிறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் போங்க

முந்தாநேத்து நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கல.

வியாழக்கிழமை எனக்குப் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. தமிழ்த்துறை, நெய்தல் திணை பத்தின ஆய்வு. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துல ஒரு டி.டி.பி. சென்டர்லதான் தீசிஸ் அடிச்சு பைண்டிங் பண்ணினேன். ஒரு குறை சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையில பிபிடியையும் அங்கேயே கொடுத்தேன். 62 ஸ்லைடு, 3,500 ரூபாய். உதவித்தொகை நின்னு எட்டு மாசமான எனக்கு அது பெரிய காசு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்காரர் அவரோட மானிட்டர்ல ஒவ்வொரு ஸ்லைடா ஓட்டிக் காட்டினார். எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. "வேற கம்ப்யூட்டர்லயும் இப்படியே வருமாண்ணா?"ன்னு கேட்டேன். வாயைத் திறந்து கேட்டேங்க! "இருபது வருஷமா இதே வேலைதாம்மா, தைரியமா போ"ன்னு பென்டிரைவைக் கையில கொடுத்தார். 3,500-ஐ எண்ணி வெச்சிட்டு வந்தேன்.

தேர்வு அன்னிக்குப் புறத்தேர்வாளர் முன் வரிசையில, அப்பா அம்மா பின்னாடி. முதல் ஸ்லைடைத் திறந்தா திரை முழுக்க ஆங்கில எழுத்து. 'தமிழ்'னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அடுத்தது, அதுக்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். நெறியாளர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. தீசிஸைப் புரட்டிப் புரட்டி வாய்லயே சொல்லி முடிச்சேன்.

கடைக்காரர் அடிச்சது பாமினி ஃபான்ட்ல. அதுல 'த'ன்னு தெரியறது உள்ளுக்குள்ள ஆங்கில ஜே. பாமினி இருக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தமிழாத் தெரியும். தாள்ல அச்சடிச்சா வித்தியாசமே தெரியாது, அதனாலதான் தீசிஸ்ல நான் கவனிக்கல. எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழைத் தமிழாவே காட்டற முறைதான் யூனிகோட். தமிழ்நாடு அரசு அதைத் தரமா அறிவிச்சது 2010-ல. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், திரையில போடப்போற ஃபைல்னு தெரிஞ்சே பாமினில அடிச்சிருக்கார்.

கூடத்துலருந்தே போன் பண்ணினேன். "அந்த சிஸ்டத்துல ஃபான்ட் இல்லம்மா, அவங்களைப் போடச் சொல்லு." சரி, வாட்ஸப்ல அனுப்புங்கன்னா, "கடையில கூட்டம்"னு வெச்சிட்டார். அப்புறம் எடுக்கவே இல்ல. நேத்து நேர்ல போனேன். அதே மானிட்டர்ல திறந்து, "பாரு, நல்லாத்தானே இருக்கு"ங்கறார். 3,500-ல பாதியாவது கொடுங்கன்னு கேட்டேன். "யூனிகோட் வேணும்னு முதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப மாத்தணும்னா 1,500 ஆகும்." நான் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலை ஞாபகப்படுத்தினா, அடுத்த ஆளைக் கூப்பிடறார்.

விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. யூனிகோட்ல மட்டும் அடிக்கச் சொல்லுங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே ஃபைலை உங்க போன்ல திறந்து பாருங்க, ஃபான்ட் வண்டவாளம் அங்கேயே தெரிஞ்சிடும். பிடிஎஃப் ஒண்ணு கட்டாயம் வாங்கிக்குங்க. ஃபான்ட்டை ஃபைலுக்குள்ளயே பதிக்கிற வசதி பவர்பாயின்ட்ல இருக்கு, ஆனா எல்லா ஃபான்ட்டும் அதுக்கு இடம் கொடுக்காது, அதை மட்டும் நம்பிடாதீங்க.

துறைக்கு அந்த பிபிடியைத் திங்கட்கிழமை கொடுக்கணும். அவர் 1,500 கேட்ட வேலையை பாமினியை யூனிகோடா மாத்தற இலவச மாற்றி ஒண்ணுல ஒவ்வொரு பெட்டியா ஒட்டி நானே பண்ணிக்கிட்டிருக்கேன். 62-ல 19 முடிஞ்சிருக்கு.