சைக்ளோஸ்போரின் கண் சொட்டு மருந்து: 13 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வண்டி ஓட்டும்போது கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிகிறது என்று போன ஒருவரிடம், "உங்களுக்குக் கண் வறட்சி" என்று மருத்துவர் சொன்னால் நம்புவது கடினம். கோயம்புத்தூரில் கணக்குத் தணிக்கை வேலையில் நாள்தோறும் ஒன்பது மணி நேரம் திரையைப் பார்க்கும் நானும், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நம்பவில்லை. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போதுதான் அந்த நீர் பெருகுகிறது என்றும், அது கண்ணில் படலமாகத் தங்காமல் வழிந்துவிடுகிறது என்றும் விளக்கியவர், கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையின் நுனியை மடித்துச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். ஷிர்மர் சோதனை எனப்படும் இதில் பட்டை 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும். எனக்கு வலக்கண்ணில் 4, இடக்கண்ணில் 5.

அதுவரை நானாகவே கடையில் கேட்டு வாங்கிய செயற்கைக் கண்ணீரை நாளுக்கு ஏழெட்டு முறை விட்டுக்கொண்டிருந்தேன். அது ஈரம் தருமே தவிர உள்ளிருக்கும் அழற்சியைத் தொடாது. போதாக்குறைக்கு, அந்தப் புட்டியில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் கலந்திருந்ததால், அடிக்கடி விடுவதே கண்ணைப் புண்படுத்தும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

எழுதித் தரப்பட்டது 0.05 சதவீத சைக்ளோஸ்போரின். காலையும் இரவும் ஒவ்வொரு சொட்டு. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் அதே மருந்துதான் இது; கண்ணில் அழற்சியை மூட்டும் நோயெதிர்ப்புச் செல்களை அடக்கி, கண்ணீர் தானாகச் சுரக்க இடம் தருகிறது. அமெரிக்காவில் 2002-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழலில், நீர் கலந்த பால் போல இருக்கும். சில முறை கவிழ்த்துக் கலக்கி, நுனியைத் திருகி, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டதும் பார்வை வெண்மையாக மங்கும். பிறகு, பச்சை மிளகாய் நறுக்கிய விரலால் கண்ணைத் தொட்டது போன்ற எரிச்சல். மருந்துப் பரிசோதனைகளில் 17 சதவீதத்தினருக்கு எரிச்சல் இருந்திருக்கிறது என்பதால், நான் ஒன்றும் விதிவிலக்கல்ல. முதல் சில வாரங்களுக்கு லோட்டெப்ரெட்னால் என்ற ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்துத் தரப்பட்டதால் அந்த எரிச்சலைத் தாங்க முடிந்தது. அந்த ஸ்டீராய்டைக் கண்ணில் விட்டுவந்த காலத்தில் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டார்கள். திறந்த குழலில் மிஞ்சுவதை வீசிவிட வேண்டும், பதப்படுத்தும் பொருள் எதுவும் அதில் கிடையாது. காலையில் மிஞ்சியதை இரவுக்கு எடுத்துவைக்கும் சிக்கனத்தை நானும் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் வரை எந்த மாற்றமும் இல்லை. பணத்தைக் கண்ணில் ஊற்றுகிறோம் என்று வீட்டில் சொன்னதற்கு என்னிடம் பதிலும் இல்லை. நான்காம் மாதத்தின் நடுவில்தான், காலையில் இமையைப் பிரித்தெடுப்பது போன்ற அந்த உணர்வு எப்போது போனது என்றே தெரியாமல் போயிருந்ததைக் கவனித்தேன். ஆறாம் மாதச் சோதனையில் பட்டை 9, 8 என்று காட்டியது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்: ஷிர்மர் அளவு முன்பைவிட 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தவர்கள் பரிசோதனைகளிலேயே 15 சதவீதத்தினர்தான், மருந்தில்லாத சொட்டை விட்டவர்களில் 5 சதவீதத்தினர்.

எட்டாம் மாதத்தில், குணமாகிவிட்டது என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். மாதம் 60 குழல் வாங்கும் செலவும் ஒரு காரணம். ஐந்தே வாரத்தில் மாலை நேர உறுத்தல் திரும்பியது. மீண்டும் தொடங்கியபோது, அந்த மிளகாய் எரிச்சலும் முதலிலிருந்து தொடங்கியது. அதுதான் அதிகம் வலித்தது.

இப்போதும் திரைக்கு முன் இருக்கும் நாட்களில் செயற்கைக் கண்ணீர் இரண்டு முறை தேவைப்படுகிறது. பதப்படுத்தும் பொருள் இல்லாததாகப் பார்த்து வாங்குகிறேன், அதற்கும் சைக்ளோஸ்போரினுக்கும் இடையில் கால் மணி நேரம் விடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் இந்த ஆண்டு உக்கடத்திலிருந்து போத்தனூர் வரை, கண்ணைத் துடைக்க வண்டியை ஓரங்கட்டாமல் போய்ச் சேர்ந்தேன். தலைக்கவசத்தின் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டிருந்தேன்.