100ஆம் இலக்க பஸ்ஸில் எது தாங்கும்? போனில் விளையாட்டா, வாசிப்பா

வெள்ளவத்தையில் ஏறி கோட்டையில் இறங்குபவனுக்குக் காலையில் இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒரு கை கம்பியில், மறுகையில் போன். மூன்று கிழமையாக அந்த நிலையில்தான் நாலு விளையாட்டையும் சில வாசிப்புச் செயலிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதல் கிழமை முழுக்க விளையாட்டுத்தான் வென்றது. தொட்ட உடனே தொடங்கிவிடுகிறதே. புத்தகமோ கோப்பைத் தேடி, பக்கத்தைத் தேடி, எழுத்தைப் பெருப்பித்து முடிப்பதற்குள் பம்பலப்பிட்டி வந்துவிடும்.

முதலில் கரம் போர்ட் ஆட்டம். கரம் பூல் பார்க்க அழகு, விரல் சுண்டும் சுகமும் உண்டு. ஆனால் குறிபார்த்து இழுக்கும் நேரத்தில் சாரதி பிரேக் அடித்தால் ஸ்ட்ரைக்கர் நேரே குழிக்குள். எதிராளி இணையத்தில் காத்திருப்பதால் நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். இது வீட்டுக் கதிரையில் இருந்து விளையாட வேண்டியது.

2012இல் வந்த கேண்டி கிரஷ் ஒற்றைக் கைக்கு ஏற்றது, இணையமும் தேவையில்லை. ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்ப வர 30 நிமிடம். கொள்ளுப்பிட்டிக்கு முன்னமே ஐந்தும் போய்விடும் எனக்கு. பிறகு காசு கட்டு, இல்லையென்றால் பொறு.

லூடோ கிங்கை பஸ் கணக்கில் சேர்க்கவே கூடாது. விளம்பரம் தாங்க முடியாது. ஆனால் அறை எண்ணை அனுப்பினால் எந்த நாட்டில் இருப்பவரும் வந்து சேரலாம். அம்மா இங்கே, சித்தி டொரொண்டோவில். அம்மா சித்தியின் காயை வெட்டினால் வாட்ஸ்அப்பில் உடனே திட்டு வரும்.

இந்த நாலில் எனக்குப் பிடித்தது லீசெஸ் என்ற சதுரங்கச் செயலிதான். இலவசம், விளம்பரமே இல்லை, நன்கொடையில் நடக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் கணினியோடு சதுரங்கம் ஆடலாம். பாதியில் அழைப்பு வந்தாலும் ஆட்டம் அப்படியே கிடக்கும். விளம்பரம் இல்லாததால் ரீலோட் காசும் மிச்சம்.

வாசிப்புப் பக்கம் வந்தால் பிரதிலிபியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதி விளையாட்டு. 2014இல் தொடங்கியது, பெங்களூரிலிருந்து நடக்கிறது. தொடர்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. பாகங்கள் சின்னன், ஒரு தரிப்பிடத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒன்று முடியும். சூடு பிடிக்கும் இடத்தில் சில தொடர்கள் பூட்டிக்கொள்ளும். காசு கட்டு, இல்லையென்றால் பொறு. இதைத்தானே கேண்டி கிரஷும் சொன்னது! கதைகளின் தரம் ஏறி இறங்கும், நல்லதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

கிண்டில் செயலி ஒழுங்கானது. 2016 கடைசியிலிருந்து தமிழ்ப் புத்தகம் உண்டு. விட்ட பக்கத்தை எந்தக் கருவியிலும் சரியாகத் திறந்து தரும். ஆண்ட்ராய்ட் செயலிக்குள் வாங்க முடியாது, உலாவி வழியாக அமேசன் தளத்துக்குப் போக வேண்டும். என் கணக்கில் விலை டொலரில்தான் வருகிறது. மாதக் கடைசியில் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நூலகம் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றி வருகிறார்கள், எல்லாம் இலவசம். வேறெங்கும் தேடிக் கிடைக்காத பழைய ‘மல்லிகை’ இலக்கியச் சஞ்சிகை இதழ்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஆனால் வருடிய பக்கம் என்பது படம். போன் திரையின் அகலத்துக்கு எழுத்து மடங்காது. இரண்டு விரலால் பெருப்பித்து, இடமிருந்து வலம் தள்ளித் தள்ளித்தான் வாசிக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், பஸ்ஸில் என்னிடம் இருப்பது ஒன்று. கோப்புகளும் கனம், வீட்டு வைஃபையில் இறக்கி வைப்பதுதான் புத்தி. இரவில் அப்பாவின் டேப்லெட்டில் திறந்தால் அதே பக்கம் வேறு உலகம். அப்பா மல்லிகையில் கதையை விட்டுவிட்டு முதலில் விளம்பரங்களைத்தான் வாசிப்பார்.

பஸ்ஸுக்கு ஏற்ற கூட்டணி கடைசியில்தான் அகப்பட்டது. ரீட்எரா என்ற செயலி, அதற்குள் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தின் ஈபப் கோப்புகள். ஈபப்பில் எழுத்தைப் பெருப்பித்தால் வரி தானாக மடங்கும், கட்டைவிரல் ஒன்றே போதும். ரீட்எராவில் விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை, இணையமும் வேண்டாம். திறந்தால் நேற்று விட்ட வரியில் நிற்கும். சங்க இலக்கியம் வேண்டுமானால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம் இருக்கிறது. அங்கே பெரும்பாலானவை எழுத்தாகவே தட்டச்சு செய்யப்பட்டவை, படமல்ல. நெரிசலில் போனை எடுக்கவே முடியாத நாளில் ரீட்எராவை உரக்க வாசிக்க விட்டு இயர்போனில் கேட்கலாம். குரல் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும், உரையாடல் வரும் இடங்களில் சிரிப்பு வருகிறது.

மூன்றாம் கிழமை ஒரு வேலை செய்தேன். ரீட்எராவைக் கட்டைவிரல் எட்டும் கீழ் வரிசையில் வைத்து, கேண்டி கிரஷை அழித்தேன். லீசெஸ் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. கரமும் அங்கேதான். லூடோவை அழிக்கப் போனபோது அம்மா விடவில்லை, ஞாயிறு சித்தி வருவாவாம்.