சீரமைத்த வீடு: வாங்கும் விலையா, விற்கும் விலையா?

அமெரிக்காவில் பாழடைந்த வீடு ஒன்றை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் வாங்கிச் செப்பனிட்டு விற்க முனையும்போது, பல ஊர்களில் முதலில் இடறுவது ஒரு சங்கடமான கணக்கு: போட்ட பணத்துக்குச் சந்தையில் விலை கிடைப்பதில்லை. வீட்டின் வயது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1978-க்கு முன் கட்டியதென்றால் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்க வாய்ப்புண்டு. பழைய மர ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் சட்டங்கள் உராய்ந்து தூள் உதிரும். அது படிவது தவழும் குழந்தையின் கை எட்டும் விளிம்பில். மத்திய அரசின் சீரமைப்பு உதவி வீடொன்றுக்கு 25,000 டாலரைத் தாண்டினால், அந்த ஆபத்தைத் தற்காலிகமாக மூடிவைக்க முடியாது, நிரந்தரமாக நீக்க வேண்டும் என்பது விதி. இந்தச் செலவு விலையில் ஏறாது. வாங்க வருபவர் பார்ப்பது சமையலறை மேடையைத்தான்.

ஒப்பிட வசதியாக ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். வாங்கிய விலை 50,000 டாலர், சீரமைப்பு 1,30,000. மொத்தம் 1,80,000. மதிப்பீட்டாளர் சொல்வது 1,40,000. வாங்க விரும்பும் குடும்பத்துக்கு வங்கி தரும் கடனோ 1,10,000. முதல் பள்ளம் 40,000, இரண்டாவது 30,000.

சீரமைக்கும் வேலையையே வாங்குபவர் தலையில் வைப்பது ஒரு வழி. 1973-இல் டெலவேரின் வில்மிங்டன் நகரம் கைவிடப்பட்ட வீடுகளை இப்படிக் கொடுக்கத் தொடங்கியது. பால்டிமோர் ஒரு டாலருக்கு விற்றது. அங்கே ஆட்டர்பைன் பகுதி செழித்ததைப் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். அது துறைமுகத்துக்கு அருகில் இருந்ததையும், நகரமே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்ததையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கையில் பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கான வழி இது. 1,10,000 மட்டுமே கடன் கிடைக்கும் குடும்பம் 1,30,000 டாலர் வேலையை எங்கிருந்து செய்யும்?

செலவையே உச்சவரம்பாக வைப்பது இன்னொன்று. வீட்டுக்கடன் நெருக்கடியின்போது 2008-இல் வந்த நெய்பர்ஹுட் ஸ்டெபிலைசேஷன் திட்டத்தின் சட்டம், வாங்கிச் சீரமைத்த செலவுக்கு மேல் ஒரு டாலர்கூட வைத்துக் குடும்பங்களுக்கு விற்கக் கூடாது என்றது. விலை ஏறும் ஊரில் இது நல்ல கடிவாளம். நம் கணக்கில் இதற்கு வேலையே இல்லை: வரம்பு 1,80,000, சந்தையே 1,40,000-க்கு மேல் தராது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ‘ஹோம்’ என்ற மத்திய அரசின் வீட்டுவசதி மானியத் திட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. மானியத்தின் அளவைப் பொறுத்து, அதன் நிபந்தனைகள் வீட்டைக் கட்டுப்படுத்தும் காலமும் நீளும்.

முதலாவது, மீட்பு முறை. வீட்டை 1,40,000-க்கே விற்று, குறையும் 30,000-ஐ ஆணையம் இரண்டாம் அடமானமாகக் கொடுக்கிறது. ஆறு ஆண்டு கழித்துக் குடும்பம் 1,70,000-க்கு விற்கிறது என்று வையுங்கள். வங்கிக்கு 1,00,000, விற்பனைச் செலவு 10,000 போக மிச்சம் 60,000. ஆணையத்துக்கு 30,000 திரும்புகிறது, குடும்பத்துக்கும் 30,000. விலை 1,20,000-க்குச் சரிந்திருந்தால்? செலவு 8,000 என்றால் மிஞ்சுவது 12,000. ஆணையம் அதற்கு மேல் கேட்க முடியாது. சந்தை வீழ்ந்தால் குடும்பம் கைக்காசிலிருந்து ஈடுகட்ட வேண்டியதில்லை என்பது இந்த முறையின் பெரிய தர்மம். முதல் பள்ளத்து 40,000 எப்படியும் திரும்பாது. இதில் ஒரு நுணுக்கம்: மானியம் முழுவதும் சீரமைப்பிலேயே போய், வாங்குபவர் கைக்கு நேரடியாக எதுவும் வராவிட்டால், விதிப்படி மீட்பு முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

இரண்டாவது, மறுவிற்பனைக் கட்டுப்பாடு. விலையையே 1,10,000-க்கு இறக்கிவிட்டு, அடுத்து வாங்குபவரும் குறைந்த வருமானக் குடும்பமாகவே இருக்க வேண்டும், விலையும் அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று பத்திரத்தில் எழுதுவது. நில அறக்கட்டளை இதன் உறுதியான வடிவம்: மண் அறக்கட்டளைக்கு, வீடு மட்டும் குடும்பத்துக்கு. 1984-இல் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் தொடங்கிய அறக்கட்டளை, மதிப்பு உயர்வில் 25 சதவீதத்தை விற்பவருக்குத் தருவதற்குப் பெயர்போனது. அதே அளவுகோலில் நம் வீட்டின் 30,000 உயர்வில் குடும்பத்துக்கு 7,500. அடைத்த கடன் அசல் 10,000-ஐச் சேர்த்தாலும், விற்பனைச் செலவுக்கு முன்பே 17,500தான். மீட்பு முறையின் 30,000-க்குப் பக்கத்தில் இது மெலிவாகத்தான் தெரிகிறது.

ஆனால் அடுத்த குடும்பத்தின் இடத்திலிருந்து பாருங்கள். கட்டுப்பாடுள்ள வீடு 1,17,500-க்குக் கிடைக்கும். மீட்பு முறையில் அதே வீடு 1,70,000. அவர்களுக்கும் வங்கி 1,10,000தான் தருமென்றால் பள்ளம் 60,000. ஆணையத்திடம் திரும்பியிருப்பதோ 30,000. ஒரு குடும்பத்துக்கு வீடு தந்த பணம் இப்போது அரைக் குடும்பத்துக்கே போதும். ஆணையத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ‘முழுத்தொகை மீட்கப்பட்டது’ என்றிருக்கும்.

அதனால் விலை ஏறும் பகுதியில் மறுவிற்பனைக் கட்டுப்பாட்டின் பக்கம்தான் நான். விலை அசையாத, ஆட்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் தெருவில் அதையே போடுவது கொடுமை: ஏற்கெனவே வாங்க ஆளில்லாத வீட்டுக்கு வருமான வரம்பும் வைத்தால் அந்தக் குடும்பம் யாரிடம் விற்கும்? அங்கே மீட்பு முறையே நியாயம். ஊர் முழுக்க ஒரே விதி என்று வைத்திருக்கும் ஆணையங்கள் தங்கள் வசதியைத்தான் பார்க்கின்றன.

வாங்குபவருக்கு இதில் தேர்வு கிடையாது. பத்திரத்தில் எது இருக்கிறதோ அதுதான். மறுவிற்பனைக் கட்டுப்பாடு என்றால், விற்கும்போது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ‘நியாயமான வருவாய்’ எந்தக் குறியீட்டை வைத்துக் கணக்கிடப்படும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சொந்தச் செலவில் செய்யும் மூலதன மேம்பாடும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்கிறது விதி. ஆகவே கூரை மாற்றினால் ரசீதைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.